அரம் போட்ட கடிகாரம்

மூக்குக்குள் ஊசி ஏற்றியதுபோல் ஒரு நெடி. செங்கல்பட்டு நகைக்கடை ஒன்றில், கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குப்பியைக் கடைக்காரர் திறந்ததும் அது எழுந்தது. “திராவகம், கிட்ட வராத பாப்பா” என்றார். எனக்கு அப்போது பத்து வயது. அவர் முன்னே கிடந்தது என் அப்பாவின் கைக்கடிகாரம்.

கல்பாக்கம் குடியிருப்பில் தோட்டவேலை பார்த்த அப்பாவுக்கு, ஓய்வுபெற்றுச் சொந்த ஊருக்குக் கிளம்பிய ஒரு விஞ்ஞானி தன் கையிலிருந்தே கழற்றிக் கொடுத்தது அது. எங்கள் தெருவே அதைத் ‘தங்க வாட்ச்சி’ என்றது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் கட்டிக்கொள்வார். அக்கா எஸ்தருக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்து, திங்கட்கிழமைக்குள் பணம் கட்டச்சொல்லிக் கடிதம் வந்ததும், அம்மா அப்பாவிடம் சொல்லாமலேயே கடிகாரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

கடைக்காரர் கடிகாரத்தின் விளிம்பை உரைகல்லில் தேய்த்து, அந்த மஞ்சள் கோட்டின்மேல் ஒரு சொட்டு விட்டார். கோடு அழியவில்லை. அம்மாவின் முகம் மலர்ந்தது.

“மேல தங்கந்தான். உள்ள இன்னா கீதுன்னு அரம் போட்டாத்தான் தெரியும். தழும்பு நிக்கும், பரவால்லியா?”

அம்மா வெகுநேரம் கடிகாரத்தையே பார்த்தாள். “போடுங்க அண்ணே.”

வார் கோக்கும் இடத்தில் அரத்தால் நாலு இழுப்பு இழுத்து, அந்த வெட்டில் ஒரு சொட்டு விட்டார். பச்சையாக நுரைத்தது.

“பித்தளைம்மா. மேல தங்கத் தகடு போத்திகீறான்.”

அம்மா கடிகாரத்தை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள். தன் இரண்டு கம்மல்களையும் கழற்றித் தராசில் வைத்தாள். காதுத் துளை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சி செருகிக்கொண்டு திரும்பினாள்.

சாயங்காலம் எல்லாவற்றையும் அவளே சொன்னாள். அப்பா அந்த வெட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “அய்யா தங்கம்னு சொல்லவே இல்லியே. நீங்களா சொல்லிகினீங்க” என்றார். பிறகு அவள் காதைப் பார்த்துவிட்டு, “ஒரு வார்த்த கேட்டுட்டு எட்த்துனு போயிருக்கலாம்” என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான். மறுநாளிலிருந்து, மண்வெட்டி பிடிக்கும்போதுகூட, அந்தக் கடிகாரம் அவர் கையில் இருந்தது.

அக்கா நர்ஸாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். நகைக்கடைகளில் இயந்திரத்துக்குள் வைத்தால் போதும், கீறாமலேயே சொல்லிவிடுகிறது. அப்பாவும் இல்லை. போன மாதம் அம்மாவிடம் கேட்டேன், அது முழுத் தங்கமாக இருந்திருந்தால் நம் கஷ்டம் அன்றே தீர்ந்திருக்குமே என்று.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. “தங்கமா இருந்திருந்தா அன்னிக்கே கடைக்குப் பூட்டிருக்கும். கடேசி வரைக்கும் உங்க நைனா கையில இருந்திருக்குமா?” என்றாள்.