ரைட்டர் ஆரோக்கியசாமியின் கண்களில் கோளாறு இல்லை

"கண்ணு தெரியாம பஸ்சுல மோதிட்டாருங்க நம்ம ரைட்டரு. உசுரு போயிருச்சுங்க" என்று நாகலூர் டீக்கடைக்காரர் போனில் அழுதார். எஸ்டேட் ஆபீசில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. கண் தெரியாமலா? பச்சைப் பொய். எதிர் மேட்டில் வரும் பஸ்ஸின் போர்டைக் கண்ணாடி இல்லாமல் படித்தவர் ஆரோக்கியசாமி அண்ணன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் காப்பித் தோட்டத்தில் ஆட்களுக்குப் பேர் போட்டு வேலை பிரித்துக் கொடுத்த ரைட்டர் அவர். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, தாமாகவே சொன்னார்: "எனக்கு மனச்சிதைவு நோய் இருக்குதுங்க அம்மிணி. காதுல யாரோ பேசற மாதிரியே கேக்கும். மாத்திரை போட்டா நான் ரைட்டரு. போடாட்டி என்னையே எனக்குத் தெரியாது. வேற யாராச்சும் சொல்லி நீங்க பயந்துக்கக் கூடாது பாருங்க."

காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, குரல் கொடுத்தால் மட்டும் அவருக்குப் போதாது. கையைத் தூக்க வேண்டும். புதியவர்கள் "நொம்பக் கறாரான மனுசன்" என்று முணுமுணுப்பார்கள். எந்தக் குரல் ஆளுடையது, எது நோயுடையது என்று பிரித்தறிய அவரே கண்டுபிடித்த வழி அது. ஆபீசிலும் சில நாள் திடீரென்று, "அம்மிணி, இப்ப என்னைய யாராச்சும் கூப்டாங்களா?" என்பார். "இல்லைங்கண்ணா" என்பேன். "அப்பச் சரி, அவன் கெடக்கறான்" என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்.

சேலத்தில் அவர் மாத்திரை வாங்கும் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்காக அவருடைய விழித்திரையைப் படம் எடுத்தார்கள். டாக்டர் அவரிடம் சொன்னது இது: விழித்திரையும் மூளையின் ஒரு பகுதி மாதிரிதான். இந்த நோய் உள்ளவர்கள் சிலருக்கு அங்குள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் சற்று அகன்றிருப்பதாகத் தெரிகிறது. அது நோய்க்கு ஓர் அடையாளம் ஆகுமா என்று பார்க்கிறோம். இதை வைத்துத் தனி ஒருவருக்கு இப்போது எதுவும் சொல்ல முடியாது. டாக்டர் இப்படித் தெளிவாகத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "மண்டையத் தொறக்காமலே மூளைய எட்டிப் பாக்கறாங்க அம்மிணி! எனக்கு இதுல ஒண்ணும் இல்லீங்க. பின்னால வர்ற புள்ளைகளுக்கு வெள்ளனவே தெரிஞ்சா நல்லதுதானுங்களே" என்றார்.

அந்தப் படத்தை வீட்டில் காட்டியதுதான் வினையாகப் போயிற்று. அவர் தம்பி சின்னப்பனுக்கு அப்போது மகள் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சிவப்புக் கோடுகளைப் பார்த்ததும் அவர் முடிவே கட்டிவிட்டார்: அண்ணனுக்கு மூளையில் ஒன்றுமில்லை, கண்ணில்தான் கோளாறு. ஊரெல்லாம் அதையே சொன்னார். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிவந்து ஊற்றினார். கண் நோய்க்கு எதற்கு அந்த மாத்திரை என்று அதை நிறுத்திவிட்டார். அடப்பாவி!

அண்ணன் முதலில் மறுத்துத்தான் பார்த்தார். ஆனால் அந்த மாத்திரை கையை நடுங்க வைக்கும், பகலெல்லாம் தூக்கமாக வரும். கூடப் பிறந்தவனே உனக்கு அந்த நோய் இல்லை என்று தினமும் சொன்னால், நம்ப ஆசை வராதா?

நான் நேராகச் சின்னப்பன் வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "கண்ணுன்னா மாப்பிள்ளை ஊட்டுல பரிதாபப்படறாங்க அக்கா. மத்ததச் சொன்னா எம்புள்ளைய எவன் கட்டுவான், சொல்லுங்க?" என்றார். அந்தக் கேள்வியை அவர் வாயில் வைத்த இந்த ஊர்மீதும் எனக்கு வயிறு எரிகிறது. சர்க்கரை நோயைக் கோயில் வாசலில் நின்று பேசுகிறோம்; இதை மட்டும் பூசி மெழுகுகிறோம்.

கொஞ்ச நாளில், யாராவது கூப்பிட்டார்களா என்று என்னிடம் கேட்பதை அண்ணன் நிறுத்திவிட்டார். காதில் கேட்கும் குரலுக்குத் தாமே பதில் சொல்ல ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "கண்ணுதானுங்க அம்மிணி, செரியாப் போயிரும்" என்பார். கடைசி நாளன்று, "இதா வந்துட்டனுங்க" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே ரோட்டில் இறங்கினாராம். அங்கே யாரும் நிற்கவில்லை. பஸ்தான் வந்துகொண்டிருந்தது.

அடக்கத்துக்குப் போனேன். பெட்டியில் அவருக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். வாழ்நாளில் ஒரு நாளும் கண்ணாடி போடாத மனிதர்! செத்த பிறகும் அந்தப் பொய்யை அவர் முகத்திலேயே சுமக்க வேண்டுமா? குனிந்து அதைக் கழற்றினேன்.

"அக்கா, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க நிக்கறாங்க" என்று சின்னப்பன் பல்லைக் கடித்தார்.

"நிக்கட்டும் சின்னப்பா. அவரு மொகத்த நல்லாப் பாத்துக்கட்டும்" என்றேன்.

ஆரோக்கியசாமி அண்ணா, உங்கள் நோயின் பேரை முதல் நாளே என்னிடம் வெட்கப்படாமல் சொன்னவர் நீங்கள். மண் போடும்வரை உங்கள் முகத்தை யாரும் மறைக்காமல் பார்த்துக்கொண்டேன். போய் வாருங்கள்.