அவர் கட்டிய பூக்கடை

என் கணவருக்கு பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி எதையாவது கட்டுவதில் பைத்தியம். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துப் பூக்கடை ஒன்றை அப்படி வடிவமைத்து இணையத்தில் போட்டிருந்தார். ரசிகர்கள் நிறைய ஓட்டுப் போட்டால் கம்பெனியே அதைத் தயாரித்து விற்குமாம். நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

சென்ற மாதம் மாலை வாங்க அந்தக் கடைக்குப் போனேன். சாமி படத்தருகே அவருடைய குட்டிப் பூக்கடை இருந்தது.

“அண்ணன்தான் கொடுத்தாரு. நானும் ஓட்டுப் போட்டேன் லா,” என்றார் பூக்கார அக்கா, மாலையோடு வழக்கம்போல மல்லிகையும் மடித்துக்கொண்டே. “முன்னால நிக்கிற பொம்மை நீங்கதானாம்.”

பொம்மையின் தலையில் என் கணவர் வெள்ளைக் கட்டைகளால் மல்லிகை வைத்திருந்தார்.

“மாலை எந்தக் கோயிலுக்கு?”

“கோயிலுக்கு இல்லக்கா. அந்த அண்ணனோட படத்துக்கு.”

அக்கா அழுதுவிட்டார். பிறகு, பொட்டலத்திலிருந்து மல்லிகையை மட்டும் மெல்ல எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

என் கணவர் கட்டிய கடை முன்னால் மட்டும் நான் இன்னும் பூ வைத்துக்கொண்டு நிற்கிறேன்.