ஸ்பெயின் கோர்ட்டில் யார் யார்

என் தம்பி சரக்குக் கப்பலில் சமையல் உதவிக்குப் போனவன். ஸ்பெயின் துறைமுகம் ஒன்றில் அந்தக் கப்பலின் அரிசி மூட்டைகளுக்குள் போதைப் பொட்டலங்கள் இருந்ததாகச் சொல்லி, அவனையும் இன்னும் இரண்டு பேரையும் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். அவனுக்கு அரிசி களையத் தெரியும். மூட்டைக்குள் வேறு என்ன இருந்தது என்று தெரியாது.

நான் நெல்லியாளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் பிள்ளைக் காப்பக ஆயா. கோர்ட்டில் யார் நம் ஆள், யார் எதிராளி என்றாவது அவனுக்குச் சொல்ல வேண்டுமே என்று செல்போனில் ஸ்பானிஷ் பாடம் பார்க்க ஆரம்பித்தேன். தொட்டிலை ஆட்டிக்கொண்டே சொல்லிப் பார்ப்பேன். அபோகாதோ என்றால் வக்கீல். ஹுவேஸ் என்றால் நீதிபதி. நோத்தாரியோ என்றால் பத்திரத்தை உறுதிசெய்து கையெழுத்துப் போடுகிறவர். ஜெயிலில் கிடப்பவனுக்கு இவர் எதற்கு என்று எரிச்சலாக வந்தது. பாடம் நடத்திய பெண்ணோ எல்லாவற்றுக்கும் சிரித்தாள்.

வாரம் ஒருமுறை ஜெயிலிலிருந்து கூப்பிடுவான். "அபோகாதோ சொல்லாம வாயத் தொறக்காதடா" என்று படித்துப் படித்துச் சொன்னேன். சரிக்கா என்றான். அவன் சரி என்றாலே எனக்குப் பயம். நாங்கள் எஸ்டேட்டில் வளர்ந்த பிள்ளைகள். செடி வெட்டும் கவாத்துக் கத்தி காணாமல் போனால், எடுத்தது யாராக இருந்தாலும், மேனேஜர் தொரை முன்னால் நிற்கிறவர் "தப்புதாங்கய்யா, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட வேண்டும். நாலு திட்டு திட்டிவிட்டு விட்டுவிடுவார். இல்லவே இல்லை என்று சாதித்தால்தான் வேலைக்கு உலை.

அந்த வாரம் மழை விடவே இல்லை. காப்பகத்தில் பகலிலேயே லைட் போட்டிருந்தோம். புதிய பாடத்தில் ஃபிஸ்கால் என்ற சொல் வந்தது. அரசுத் தரப்பில் நின்று தண்டனை கேட்கிறவராம். படத்தில் கறுப்பு அங்கியோடு நின்றார். பக்கத்துப் படத்தில் இருந்த வக்கீலுக்கும் அதே கறுப்பு அங்கிதான். தம்பி எப்படி ஆளைக் கண்டுபிடிப்பான்?

சாயங்காலம் சிக்னல் கிடைக்கும் மேட்டில் குடையோடு போய் நின்றேன். போன் வந்தது. அவன் குரலில் அப்படியொரு சந்தோஷம். அதைக் கேட்டதும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நேத்து கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்கக்கா. ஃபிஸ்கால்னு ஒருத்தர் வந்திருந்தாரு. தங்கமான மனுசன். மொழிபெயர்க்கிற பொண்ண வச்சு மெதுவா ஒவ்வொண்ணா கேட்டாரு."

"நீ என்னடா சொன்ன?"

"வக்கீல் என் கையப் புடிச்சு இழுத்தாரு. நான் எந்திரிச்சுக் கும்பிட்டு, தப்புதாங்கய்யா, மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிட்டேன். ஃபிஸ்கால் உடனே எழுதிக்கிட்டாரு."

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "அவருதான்டா உனக்குத் தண்டனை கேக்கப் போறவரு!" என்று கத்தினேன்.

அவனோ, எனக்குத் தைரியம் சொல்கிறவனைப் போல நிதானமாகச் சொன்னான்:

"அப்படின்னா அவருகிட்ட இன்னொரு தடவ மன்னிப்புக் கேட்டுடறேன்க்கா."