நான்கு நிமிடம் பதினோரு வினாடி

திருப்பதி பக்கம் புத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். எட்டாவது வரைதான் படிப்பு. வேலையைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன், ஆவணி மாதம், திருப்பதியில் ஒரு மண்டபத்தில் நடந்த கல்யாணம் அது. பெண் வீடு நகரி பக்கம். தமிழ் ஆட்கள்தான், ஆனால் தெலுங்கு வீடுகளைப் போல அப்பகிந்தலு வைத்தார்கள். பெண்ணின் கையைப் பாலில் நனைத்து, மாப்பிள்ளை வீட்டாரிடம் அப்பா ஒப்படைக்கிற சடங்கு.

அந்தச் சடங்கின் கிளிப் என் கம்ப்யூட்டரில் சரியாக ஓடவில்லை. அப்பா மகளின் காதருகே குனிகிறார். படம் அப்படியே நின்றுவிடுகிறது. குரல் துண்டு துண்டாக வருகிறது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன். அதே இடத்தில் நின்றது.

முதலாளிதான் கேமராவும் பிடிப்பவர். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார்.

"இன்னாமா, இன்னும் அதையே பாத்துக்கினு கீற?"

"சிக்கிக்கினே கீதுண்ணா. கிளிப்பு கெட்டுப்போச்சு போல."

"கெட்டத வச்சிக்கினு பூஜையா பண்ணுவ? தூக்கிப் போடு. கார்டக் குடு, நாயுடுபேட்டை கல்யாணத்துக்குக் கெளம்பணும்."

நன்றாக ஓடிய இருபது வினாடியை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரில் இடம் இல்லை. முழு கிளிப்பை அழித்தேன். கேமராவின் மெமரி கார்டையும் அழித்துக் கொடுத்தேன். முகூர்த்த நாட்களில் அப்படித்தான் செய்வோம்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் வந்தாள். அப்பா மாரடைப்பில் போய்விட்டார் என்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அக்கா, பால்ல கை வச்சப்ப நைனா என்னமோ சொன்னாரு. நான் அழுதுக்கினு இருந்தேன், காதுலயே ஏறல. அத மட்டும் குடுங்க."

"அது கேமராவுலயே கெட்டுப்போச்சும்மா."

"நீங்களாச்சும் கேட்டீங்களா?"

"துண்டு துண்டாத்தான் வந்துது. ஒண்ணும் புரியல."

தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

தை மாதம் வேறொரு கல்யாணம். அதே கேமரா, அதே மாதிரி சிக்கல். இந்த முறை அழிக்கக் கை வரவில்லை. திருப்பதியில் எடிட்டிங் செய்கிற ஒருவருக்கு போன் போட்டேன்.

"கேமரா புதுசா?" என்றார்.

"ஆமா."

"கம்ப்யூட்டரு?"

"பழசு."

"அப்ப கிளிப்பு மேல ஏம்மா பழி போடற? பாக்கற படத்தோட குவாலிட்டிய கொறைச்சி வச்சி ஓட்டிப் பாரு."

குறைத்தேன். தடங்கல் இல்லாமல் ஓடியது.

அன்று வேறு வேலை செய்யவில்லை. அந்தப் பழைய கல்யாணத்தின் ப்ராஜெக்டைத் திறந்தேன். பட்டியலில் கிளிப்பின் பெயர் இருந்தது. ஃபைல் இல்லை என்று சிவப்பில் காட்டியது. பக்கத்தில் நீளம் மட்டும் இருந்தது. நான்கு நிமிடம் பதினோரு வினாடி. அதில் கெட்டுப்போனது ஒன்றும் இல்லை. அதை ஓட்ட என் கம்ப்யூட்டருக்குத்தான் வலு இல்லை.

முதலாளியிடம் சொன்னேன். "இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது, உடு" என்றார். என்னால் விட முடியவில்லை. அடுத்த ஞாயிறு நகரிக்கு பஸ் ஏறினேன்.

அந்தப் பெண் தன் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேமராவில் கெடவில்லை, நான்தான் அழித்தேன் என்றேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"சொல்லாமயே இருந்திருக்கலாம்க்கா. தானா கெட்டுப்போச்சுன்னு மனசத் தேத்திக்கினு இருந்தேன்."

குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

இப்போதெல்லாம் எது சிக்கினாலும் முதலில் கம்ப்யூட்டரைத்தான் சந்தேகப்படுகிறேன். வீடியோ கொடுத்து முடிக்கும் வரை கார்டை அழிக்க விடுவதில்லை. அதனால் அந்தப் பெண்ணுக்கு ஒரு பயனும் இல்லை. ஆனாலும் ஓர் அப்பா மகளின் காதருகே குனிகிற இடம் வந்தால், அவர் சொல்வதைக் கடைசி வார்த்தை வரை கேட்காமல் என்னால் அடுத்த கிளிப்பைத் தொட முடிவதில்லை.