ஆட்டுக்கொட்டகை என்று நான் சொன்ன லயம்

எங்கள் தோட்டத்தின் முதல் கட்டடம் அந்தப் பழைய லயம்தான் என்று இப்போது பெருமையாகப் பேசுகிறார்கள். கேட்டாலே எனக்குக் குமட்டுகிறது. மலாயாவில் பத்து பாகாட் என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் நடக் காடு வெட்டிய காலத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு எழுப்பிய வரிசை வீடு அது. மண் தரை. மழை பெய்தால் சாக்கடை நேரே அடுப்புக்கு வரும். அதில் ஏழு வருடம் குடியிருந்தேன்.

பிறகு மேட்டில், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாகப் புது லயம் கட்டினார்கள். என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். முதல் இரண்டு பிள்ளைகளையும் பழைய லயத்தில் காய்ச்சலுக்குக் கொடுத்திருந்தோம். இந்தப் பிள்ளையாவது காய்ந்த தரையில் பிறக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் கேட்டது.

அந்த வாரம் லயங்களைப் பார்வையிட அரசாங்கத்து அதிகாரி வரப்போவதாகச் செய்தி வந்தது. எங்களை ஊரிலிருந்து கப்பலேற்றிக் கூட்டி வந்த கங்காணி, எல்லாரையும் சட்டிபானையோடு புது லயத்துக்கு மாற்றினார். காலியான எங்கள் அறைகளில் தன் ஆடுகளைக் கொண்டுவந்து கட்டினார்.

"கேட்டா ஆட்டுக்கொட்டகைன்னு சொல்லு. நீ நம்ம ஊர்க்காரன். இந்தப் புது லயத்து ரூமு உனக்குத்தான், நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஊர்க்காரர் வாக்குத் தவறமாட்டார் என்று நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதிகாரி வெள்ளைக்காரர், ஆனால் தமிழ் படித்தவர். கங்காணியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பழைய லயத்தைக் காட்டி என்னிடமே கேட்டார். "பயப்படாதே. அங்கே யார் இருக்கிறார்கள்?"

"ஆடுங்க, தொரை."

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுநாளே புது லயத்து அறைகள் கங்காணியின் மைத்துனர்மாருக்குப் போயின. "உனக்கு அடுத்த தடவை பாக்கலாம்" என்று சொல்லும்போது அந்த மனிதன் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். நானும் தலையாட்டிவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

எங்கள் அறையில் புழுக்கையும் மூத்திரமும் மண்ணோடு குழைந்து சேறாகக் கிடந்தன. நெடி கண்ணைக் கரித்தது. ஈக்கள் வாயில் வந்து ஒட்டின. என் மனைவி ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக் குந்தி, சிரட்டையால் தரையைச் சுரண்டினாள். நான் செய்கிறேன் என்று கை நீட்டினேன். அவள் சிரட்டையைத் தரவில்லை.

"இங்க ஆடுங்கதானே இருக்குதுன்னு சொன்னீங்க" என்றாள். "ஆடு எங்க வேணா ஈனும். நீங்க போங்க."