சோதனைச் சாவடியில் தூக்கிய கை

எனக்கு எழுத்து சரியாக வராது, மறதியும் கூட. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வவுணதீவுக்குப் படம் பிடிக்க வந்தவர்கள், வரிசையில் நிற்க ஊராட்களைக் கேட்டார்கள். "வா கா, சும்மா நிக்கிறதுதானே" என்று அயல்வீட்டுப் பூமணி என்னை இழுத்துக்கொண்டு போனாள். வாவிக்கரைப் பாதையில் மண்மூட்டை அடுக்கி, யுத்த காலத்தில் இருந்ததுபோல இராணுவச் சோதனைச் சாவடி கட்டியிருந்தார்கள். முன்னுக்கும் ஆட்கள், பின்னுக்கும் ஆட்கள். மூச்சு முட்டியது. விலகிப் போக இடமில்லை, சொல்லவும் கூச்சம்.

ஆமி உடுப்புப் போட்ட நடிகை என் முன்னால் வந்ததும், யாரும் சொல்லாமலே கையில் இருந்த குடையை நிலத்தில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினேன்.

"இதுதான் நடிப்பு! இதையே வைப்பம்" என்று இயக்குநர் கத்தினார்.

"இவ நடிக்கல்ல சேர்" என்றாள் நடிகை. தொப்பியைக் கழற்றிவிட்டு என் கைகளை மெல்லப் பிடித்து இறக்கினாள். "நான் உண்மையாவே ஆமியில இருந்தனான் அம்மா. என்னைக் கண்டதும் சனம் இப்படித்தான் கையைத் தூக்கும். அதைப் பார்க்க ஏலாம ஆமிய விட்டிட்டு, புடவைக்கடையில நிண்டு, நாடகத்துக்குப் போய், படத்துக்கு வந்தன். இங்கயும் இதே உடுப்பைத் தந்திட்டாங்க." பிறகு கேட்டாள்: "நீங்க கையைத் தூக்கினதைப் படத்தில வைக்கட்டா, வேணாமா?"

அந்த உடுப்புப் போட்ட ஒருவர் என் விருப்பத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வேணாம் மகள்" என்றேன். இயக்குநரிடம் அழிக்கச் சொன்னாள், அழித்தார்கள். அந்த உடுப்புக்கு முன்னால் நின்று வேண்டாம் என்று சொன்னேனே என்று இன்றும் எனக்கு வியப்பு.

அவள் வேலை செய்தது புடவைக்கடையா, வேறு கடையா என்பது நிச்சயமில்லை. தெரிந்தவர்கள் கேட்டுப் பார்த்துத் திருத்திவிடுங்கள்.