முதல் வீட்டு டிரம்கள்

என் நாட்குறிப்பில் அக்டோபர் 21, திங்கள் என்ற தேதிக்குக் கீழே இப்படி இருக்கிறது: "சுகாதார ஆய்வு. பட்டறை வீதி லைன் வீடு, முதல் வீடு. டிரம் ஐந்து. மூன்றில் கொசுப்புழு. நோட்டீஸ். பிறகு இங்கே வந்தார்கள். டீ. கிளம்பும்போது மணி பன்னிரண்டே கால்."

மருத்துவராக என் கிளினிக்கைத் தொடங்கிய நாளிலிருந்து இப்படி எழுதி வருகிறேன். யாரும் கேட்டு எழுதுவதில்லை. மழை பெய்த நாள், கரண்ட் போன நேரம், பேரூராட்சி தண்ணீர் விட்ட தேதி, எந்த வீதியிலிருந்து எத்தனை காய்ச்சல் என்று குறித்து வைப்பேன். எங்கள் ஊர் கோவைக்கு வடக்கே இருக்கிறது. இங்கே குழாயில் தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒருமுறை வரும். அந்த அக்டோபரில் 2, 11, 20, 29 ஆகிய தேதிகளில் வந்தது. இந்தக் கணக்கை இணைத்து அதிகாரிகளுக்கு இரண்டு முறை மனு எழுதியிருக்கிறேன். "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று இரண்டு முறையும் பதில் வந்தது. இரண்டு பதிலையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பட்டறை வீதி லைன் வீடு என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஏழு வீடுகள். ஏழுக்கும் சேர்த்து முன்னால் ஒரு குழாய். தண்ணீர் எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. காலை ஆறு மணிக்கும் வரலாம், மதியம் இரண்டு மணிக்கும் வரலாம். ஆறு வீட்டுக்காரர்கள் மில்லுக்கும் பட்டறைக்கும் போய்விடுவார்கள். முதல் வீட்டுப் பெண்மணி மட்டும் வீட்டில் இருந்தபடி பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கொடுப்பவர். கணவர் இல்லை, மகள் கட்டிக் கொடுத்துக் கொடுமுடிப் பக்கம் இருக்கிறாள். ஆகவே தண்ணீர் பிடித்து வைப்பது அவர் பொறுப்பாகிவிட்டது. வேலைக்குப் போகிறவர்களின் பங்கையும் தன் வீட்டு முன்னால் டிரம்களில் நிரப்பி வைப்பார். சாயங்காலம் பொழுதோட வந்து அவரவர் குடத்தில் மொண்டு போவார்கள். அந்த ஐந்து டிரம்மில் அவருடையது ஒன்றுதான். நோட்டீசில் அது வராது. எந்த வீட்டு வாசலில் இருக்கிறதோ அந்த வீட்டுப் பெயரில்தான் நோட்டீஸ்.

நான்காவது வீட்டில் ஒன்பது வயதுப் பெண்குழந்தை. அக்டோபர் 16 அன்று அவளுக்குக் காய்ச்சல் தொடங்கியது. 17 அன்று என்னிடம் வந்தாள், ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்தது. 19 அன்று ரத்தத் தட்டணுக்கள் கிடுகிடுவென்று இறங்கின. வயிற்றுவலி வேறு. கோவையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். 25 அன்று வீடு திரும்பினாள். முகம் வீங்கியிருந்தது, ஆனால் இட்லி கேட்டாள் என்று அவள் அம்மா போனில் சொன்னார்.

பிள்ளை பிழைத்த பிறகுதான் வீதிக்கு முதல் வீட்டின் மேல் கோபம் வந்தது. அதுவரை யாருக்கும் அதற்கு நேரமில்லை.

லைன் வீட்டின் சொந்தக்காரரே எங்கள் வார்டு கவுன்சிலரும். குழந்தையை அனுப்பிய அன்றே எனக்குப் போன் செய்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, டெங்குன்னே எழுதோணுங்களா? காய்ச்சல்னு எழுதினா ஆகாதுங்களா?"

"பரிசோதனையில் வந்ததைத்தானுங்க எழுத முடியும்."

"அது சரிங்க. நீங்க படிச்சவங்க. நான் என்னத்தச் சொல்றது" என்று வைத்துவிட்டார். கோபமே இல்லாத குரல். டெங்கு என்று நான் எழுதியதால்தான் 21 அன்று ஆய்வு வந்தது. அவருடைய சொந்தக் கட்டடத்திலேயே புழு கண்டுபிடிக்கப்பட்டு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. எதிர்க்கட்சிக்காரர்கள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் புகை அடிக்கும் வண்டி வீதியில் மூன்று தடவை போனது. முதல் வீட்டுப் பெண்மணிக்கு, தீபாவளி கழிந்து ஒன்றாம் தேதிக்குள் காலி செய்துவிடுமாறு கவுன்சிலர் சொல்லி அனுப்பினார். பதினொரு வருடம் இருந்த வீடு அது.

26 சனி மாலை அந்தப் பெண்மணி கிளினிக்குக்கு வந்தார். காட்ட நோய் எதுவுமில்லை. ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்.

"என்ற டிரம்முல இருந்துதானுங்களா அந்தப் புள்ளைக்கு வந்துது?"

நான் புத்தகத்தில் உள்ளபடி பதில் சொன்னேன். கொசு அங்கே இங்கே பறக்கும், பள்ளிக்கூடத்திலும் கடித்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, உங்கள் டிரம்மாகவும் இருக்கலாம் என்றேன்.

"இருக்கலாம்னு நீங்க சொன்னா, அதேதான்னு வீதியில சொல்லுவாங்க டாக்டரம்மா."

நான் ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"ஊடு போனாப் போகுதுங்க. வேற ஊடு பாத்துக்குவேன். வாங்கிப் போட்ட காயிலுக் கம்பிய எடுத்துக்கிட்டு எங்க வேணா போலாம். ஆனா புள்ளையக் கொல்லப் பாத்தவன்னு பேரு கூடவே வருமுங்களே. புது எடத்துல குழாய்ல கை வைக்க விடுவாங்களா?"

என் குறிப்புகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். எனக்குக் கைவந்தது அது ஒன்றுதான்.

அவர் போனதும் அந்த மாதத்துப் பக்கங்களைப் பிரித்தேன். டெங்குக் கொசு கடித்ததிலிருந்து காய்ச்சல் வரப் பெரும்பாலும் நான்கு முதல் பத்து நாள். ஆகவே 16-இலிருந்து பின்னோக்கி எண்ணினேன். 6-க்கும் 12-க்கும் இடையில் அந்தக் குழந்தை பகலில் எங்கே இருந்தாள் என்பதே கேள்வி. பள்ளிக்கூடம் என்று எழுதப் போனவள், 8-ஆம் தேதியில் நின்றேன். "பட்டறை வீதி, பெண் குழந்தை, 9 வயது. காலில் கண்ணாடி. இரண்டு தையல்." 10-ஆம் தேதியில் கட்டு மாற்றியிருக்கிறேன். 11 ஆயுத பூஜை, கிளினிக் இல்லை. 12-இல் மீண்டும் கட்டு. மூன்று நாளும் என் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தில் தன் முறைக்காகக் குறைந்தது ஒரு மணி நேரமாவது இருந்திருப்பாள். அந்த மாதம் எனக்கு வந்த டெங்கு மொத்தம் மூன்று பேர். மூவரும் மூன்று வீதி. மற்ற இருவரில் ஒருவர் தனக்குக் காய்ச்சல் வருவதற்கு முந்தைய வாரம் ரத்த அழுத்தம் பார்க்க வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தவர். காய்ச்சல்காரர்கள் நாள் முழுக்க வந்து போகிற இடம் அது. ஒரு கொசுவுக்கு அதைவிட வசதியான இடம் ஊரில் வேறு இல்லை.

27 ஞாயிறு காலை தனியாகக் கிளினிக்கைத் திறந்தேன். பூந்தொட்டி, தண்ணீர்க் கேன், மாடியில் தேங்காய் ஓடு எல்லாம் பார்த்தேன், எதிலும் இல்லை. கடைசியாக, இன்சுலினும் தடுப்பூசியும் வைக்கிற பழைய ஃபிரிட்ஜை நகர்த்தினேன். வருடத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடிக்கும்போது மட்டும் நகர்த்துவது. பின்னால் மோட்டாருக்கு மேலே, உருகும் பனிநீர் வடிகிற ஒரு பிளாஸ்டிக் தட்டு. அந்த மாதம் கரண்ட் அடிக்கடி போனதால் தட்டு நிறைந்திருந்தது. அதில் புழுக்கள் நெளிந்தன.

அடுத்து நான் செய்ததை இப்போதும் எழுதக் கூசுகிறது. தட்டை அப்படியே எடுத்துச் சாக்கடையில் கொட்டினேன். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். வெயிலில் கவிழ்த்தேன். பிறகுதான் ஒரு சீசாவில் கொஞ்சம் எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. மற்றவர்கள் வீட்டு மாதிரியைப் பத்திரமாக எடுக்கச் சொல்லிப் பழக்கியவள் நான். என் இடத்தில் கண்டதும் முதலில் சுத்தம் செய்யத்தான் கை போனது. அது சுகாதார உணர்வா, மறைக்கிற அவசரமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

21-ஆம் தேதி ஆய்வாளர் இங்கும் வந்தார் என்று எழுதியிருக்கிறேன். வந்தவர் வாசற்படி தாண்டவில்லை. "உங்க கிளினிக்க நாங்க எங்கீங்க பாக்கறது? நீங்கதான் எங்களுக்கே சொல்லோணும்" என்று சிரித்தார். கதவில் தொங்கும் ஆய்வு அட்டையில் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டார். நானும் சிரித்தேன், டீ வரவழைத்தேன். எங்கள் பக்கத்துப் பேச்சில் மரியாதை ஒவ்வொரு சொல்லின் வாலிலும் 'ங்க' என்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்த மரியாதைதான் அன்று என் ஃபிரிட்ஜுக்கும் ஆய்வாளரின் டார்ச் லைட்டுக்கும் நடுவில் நின்றது. முதல் வீட்டில் கேட்காமலே மூடியைத் திறந்தார்கள். என் கிளினிக்கில் கேட்கக்கூட இல்லை. பழைய கொள்ளைநோய்க் காலங்களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் நோய் தேடி வந்த அதிகாரிகள் யார் வீட்டுக் கூரையைப் பிரித்தார்கள், யார் வீட்டு வாசலில் திரும்பிப் போனார்கள் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பது என் வழக்கம். அப்படிக் குறித்தபோதெல்லாம் நான் கூரை பிரிக்கப்பட்டவர்கள் பக்கம் நிற்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

28 அன்று கவுன்சிலரைப் போய்ப் பார்த்தேன். தீபாவளி இனிப்புப் பெட்டிகள் அடுக்கிய அறையில் உட்கார வைத்து, ஃபிரிட்ஜ் தட்டு உட்பட முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க எதுக்குங்க இதையெல்லாம் இழுத்துத் தலைல போட்டுக்கறீங்க? நாளைக்கு ஒருத்தரும் உங்க கிளினிக்குக்கு வரமாட்டாங்க. அந்தம்மாவுக்கு நான் வேற ஊடு பாத்துத் தாரேன். ரெண்டு பேருக்கும் நல்லதுங்க."

"அவருக்கு வேற வீடு வேண்டாமுங்க. அந்தப் பேர் வேண்டாம்."

"பேரு என்னங்க பேரு. தீவாளி நோம்பி முடிஞ்சா எல்லாரும் மறந்துருவாங்க."

என் பேரும் அப்படி மறக்கும்தானே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவர் சொன்ன யோசனை உண்மையில் வசதியானது. வீடு வரும் வழியில் அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

29 செவ்வாய் தண்ணீர் நாள். தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்ததால் பலர் வேலைக்குப் போகவில்லை. காலை ஏழரைக்குக் குழாயடியில் ஏழு வீடும் இருந்தது. டிரம்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவரவர் குடத்தில் அவரவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் வீட்டுப் பெண்மணி கடைசியில் நின்றார். இதுவரை அந்த வரிசையை ஒழுங்கு செய்து வந்தவரே அவர்தான்.

நான் போய், குழந்தை கால் கட்டுக்கு வந்த மூன்று தேதிகளைச் சொன்னேன். ஃபிரிட்ஜ் தட்டைச் சொன்னேன். கொட்டிவிட்டதையும் சொன்னேன். கொசு இந்த டிரம்மில் பிறந்ததா என் கிளினிக்கில் பிறந்ததா என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது, இவர் மேல் மட்டும் போடாதீர்கள் என்றேன்.

குடம் நிரம்பி வழிந்தது. யாரும் மாற்றவில்லை.

குழந்தையின் அம்மாதான் முதலில் பேசினார். "அப்ப உங்க கதவுலயும் நோட்டீஸ் ஒட்டுவாங்களா டாக்டரம்மா?"

"ஒட்டச் சொல்லிக் கேட்கப் போகிறேனுங்க."

"கேட்டு வாங்கற மொத ஆளு நீங்கதான்" என்றார் ஒருவர். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழாயை மூடிவிட்டு முதல் வீட்டு வாசலைப் பார்த்துச் சொன்னார்: "அதுல ஒரு டிரம்மு என்றதுதானுங்க. அன்னைக்குத் துணி எடுக்க ஊட்டுக்கு வந்திருந்தேன், ஆய்வுக்கு வந்தவிய கேட்டப்ப நான் வாயத் தெறக்கல. புள்ள ஆஸ்பத்திரில கெடக்குதேன்னு இருந்துபோட்டேன்."

அதன் பிறகு அங்கே நின்ற ஒவ்வொருவரும் எது யாருடைய டிரம் என்று சொல்லத் தொடங்கினார்கள். சண்டை போடுவது போலத்தான் சொன்னார்கள்.

நான் கிளம்பும்போது முதல் வீட்டுப் பெண்மணி கூடவே வீதி முனை வரை வந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

"சனிக்கிழமை நான் வந்து கேட்டனே, அன்னைக்கே அந்த ஃபிரிட்ஜ நவுத்திப் பாத்திருக்கலாமுங்களே. மூணு நாளா நான் சோறு திங்கல."

"ஆமாங்க" என்றேன்.

அன்று மாலையே லைன் வீட்டுக்காரர்கள் நான்கு பேர் கவுன்சிலர் வீட்டுக்குப் போய், முதல் வீட்டுப் பெண்மணி காலி செய்தால் நாங்களும் யோசிக்க வேண்டியிருக்கும் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஒன்றாம் தேதி வந்தது, போனது. அவர் அங்கேயே இருக்கிறார். டிரம்களுக்கு வலை கட்டியிருக்கிறார்கள், வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்துத் தேய்க்கிறார்கள். மற்றவர்களின் தண்ணீரைப் பிடித்து வைக்க அவர் இப்போது ஒப்புக்கொள்வதில்லை. தண்ணீர் இன்னும் ஒன்பது நாளைக்கு ஒருமுறைதான். அந்த ஒன்பது நாளுக்கு யார் பெயரிலும் நோட்டீஸ் கிடையாது. இதையும் சேர்த்து மூன்றாவது மனு எழுதினேன்.

நவம்பர் 4 அன்று ஆய்வாளரை அழைத்து உள்ளே வந்து பார்க்கச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு, சங்கடத்தோடு எல்லா அறையும் பார்த்தார். தட்டு காய்ந்திருந்தது. புழு இல்லாத இடத்துக்கு நோட்டீஸ் தர விதியில்லை என்றார். அட்டையில் "அறிவுறுத்தப்பட்டது" என்று எழுதினார். அட்டையை எல்லோரும் படிக்கும்படி பெஞ்சுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன்.

அக்டோபர் 27 அன்று அந்தத் தட்டில் இருந்தவை டெங்குவைப் பரப்பும் கொசுவின் புழுக்கள்தானா, சாதாரணச் சாக்கடைக் கொசுவின் புழுக்களா என்பது பரிசோதிக்கப்படவில்லை. நான் கொட்டிவிட்டதால் இனிப் பரிசோதிக்கவும் வழியில்லை. குழந்தையைக் கடித்த கொசு எங்கே பிறந்தது என்பதும் இன்றுவரை உறுதியாகவில்லை.